வாட்ச்மேன் வேலை வேண்டாம் என்று மாப்பிள்ளைக்கு எழுதியது

மைசூர்
1999, கார்த்திகை மாதம்

கொள்ளேகால் பட்டுக் கிடங்கில் கணக்கெழுதும் கனவானும், தராசில் ஏறினால் தராசுக்காரன் கும்பிட்டு இறங்கச் சொல்லும் பெருமை உடையவருமான மாப்பிள்ளை ரத்தினவேல் அவர்களுக்கு, உன் அக்காள் புருஷன் சித்தையன் மேஸ்திரி மைசூரிலிருந்து எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா பஞ்சவர்ணமும் உன் மருமகள் ஸ்வாதியும் மாதேஸ்வரன் தயவில் தின்று தூங்கி எழுந்துகொண்டிருக்கிறோம். அங்கே நீயும் தங்கச்சி ரங்கம்மாவும் பிள்ளைகளும் அப்படியே இருப்பீர்கள், அதில் தின்கிற பாகத்தை மட்டும் நீ பொறுப்பாகப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன். என் எழுத்து கோணலாக இருக்கும். மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், சுவரைத்தான் நேராகக் கட்டுவேன், வரியை இல்லை.

உன் கடிதம் வந்தது. உன் முதலாளியின் கிடங்குக்கு வாட்ச்மேன் வேண்டும், உட்கார நாற்காலி உண்டு, ஊத விசில் உண்டு, ஏறி இறங்குகிற ஜோலி கிடையாது, இடுப்பு போனவர்களுக்கென்றே கடவுள் படைத்த வேலை, வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் மச்சான் என்று எழுதியிருந்தாய். படித்ததும் உன் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் துடைத்துக்கொண்டேன், ஆனால் அது அவள் பக்கத்தில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்ததால். நான் சாரத்திலிருந்து விழுந்ததிலிருந்து எங்களுக்காக ஓடுகிறவன் நீதான். ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டு வந்தாய், வழியில் பாதியை நீ தின்றாலும் மீதி வந்து சேர்ந்தது. எழுந்து நடக்க ஆரம்பித்ததும் விஜயநகரில் உனக்குத் தெரிந்த மஞ்சுநாத்தின் கம்ப்யூட்டர் கடையில் ஷட்டர் தூக்கவும் தூசி துடைக்கவும் சேர்த்துவிட்டாய். இதையெல்லாம் நான் மறந்தால் மாதேஸ்வரன் மலைப் படியிலேயே என் கால் வழுக்கட்டும். ஆனாலும் மாப்பிள்ளை, பதில் என்னவென்றால், வேண்டாம். கோபித்துக்கொள்ளாதே, அப்புறம் ரத்தக்கொதிப்பு வரும். எனக்கு வேலை கிடைத்துவிட்டது. இரக்கப்பட்டுக் கொடுத்த வேலை இல்லை, ஆள் தேவைப்பட்டுக் கூப்பிட்ட வேலை. இடுப்பு ஒடிந்தவனுக்கு இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் மைசூருக்கும் காசிக்கும் உள்ள தூரம். உனக்கு உடம்பு முழுக்க இடுப்பாக இருப்பதால் இது சட்டென்று விளங்காது.

எந்த ஊரில் வேலை என்று கேட்பாய். அங்கேதான் கொஞ்சம் சிக்கல். அந்த ஊர் மஞ்சுநாத்தின் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. சிரிக்காதே, பிள்ளைகள் பயந்துகொள்ளும். போன் கம்பி வழியாக ஒரு ஊர். தெரு உண்டு, சந்தை உண்டு, ஊருக்கு வெளியே காடு உண்டு, காட்டில் பேய் பிசாசு உண்டு, அவற்றை வெட்டுவதற்கு வாளோடு அலைகிறவர்கள் உண்டு. அமெரிக்காவிலும் லண்டனிலும் இருக்கிறவர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு உருவத்தை அந்தத் தெருவில் நடத்துகிறார்கள். பேச நினைத்ததை டைப் அடித்தால் அது அந்த உருவத்தின் தலைக்கு மேலே எழுத்தாக வந்து நிற்கும். இங்கே காலை ஷட்டர் தூக்கும் நேரம் அமெரிக்காவில் ராத்திரிச் சாப்பாடு முடிந்த நேரமாம், ஊர் திருவிழா மாதிரி இருக்கும். நம் கடைக்கோ அந்த நேரத்தில் ஈ கூட வராது. நான் துடைத்த பெட்டியையே மறுபடி மறுபடி துடைப்பதைப் பார்த்து மஞ்சுநாத்துக்குத் தாங்கவில்லை. அதற்கு உடம்பு தேய்ந்துவிடும் மேஸ்திரி, துடைத்தது போதும், இப்படி உட்காருங்கள் என்று தோளைப் பிடித்து நாற்காலியில் அமுக்கி, எலி மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்து, அந்த ஊருக்குள் என்னை இறக்கிவிட்டான்.

புதிதாக வருகிறவனுக்கு அந்த ஊரில் சாம்பல் நிறத்தில் ஒரு உடம்பு கொடுக்கிறார்கள். சட்டை வேண்டுமா, காசு. தங்க இடம் வேண்டுமா, காசு. அந்த ஊர்க் காசு பொன்னில் வட்ட வில்லையாக இருக்கும், அதைச் சம்பாதிக்க வேலை செய்ய வேண்டும், வேலையை யார் தருவார்கள் என்பதை யாரும் சொல்லமாட்டார்கள். இது எனக்குப் பழகிய சங்கதிதானே. நான் அனூரிலிருந்து கரண்டியும் மட்டப்பலகையும் எடுத்துக்கொண்டு மைசூரில் வந்து இறங்கினபோது மட்டும் யார் வரவேற்றார்கள்? காலையில் கூலி ஆட்கள் நிற்கிற சர்க்கிளில் போய் நின்றேன், மேஸ்திரி வந்து கூட்டிப்போனார். ஆகவே இந்த ஊரிலும் நாலு தெரு கூடுகிற சர்க்கிளைத் தேடிப் பிடித்தேன். நடுவில் போய் நின்றேன். சர்க்கிளில் நிற்பதற்கு முறை இருக்கிறது. அங்குமிங்கும் அலையக்கூடாது. வருகிறவன் பின்னால் ஓடக்கூடாது, ஓடினால் கூலி இறங்கிவிடும். வாயைத் திறக்கக்கூடாது. அவனே வந்து கேட்கவேண்டும். அப்படியே நின்றேன். தினமும் காலையில் கடையைத் திறந்ததும் அந்த ஊர் சர்க்கிளுக்குப் போய், கையைக் காலை அசைக்காமல், நம் குலதெய்வத்தின் காவல்காரன் மாதிரி நின்றேன்.

ஒருத்தனும் கேட்கவில்லை. ஆனால் எல்லாரும் பார்த்தார்கள். என்னைச் சுற்றி வந்தார்கள். பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினார்கள். ஒருத்தி தன் நாயைக் கொண்டுவந்து என் காலடியில் விட்டாள், அந்த ஊர் நாய்க்கும் நம் ஊர் நாய்க்கும் புத்தியில் வித்தியாசம் இல்லை. அப்புறம்தான் மஞ்சுநாத் தலைக்கு மேலே ஓடுகிற எழுத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, மேசையில் தலையை வைத்துச் சிரித்தான். அந்த ஊரை நடத்துகிற கம்பெனிக்காரர்கள் புதிதாக வைத்த சிலை என்று ஊரே என்னை நினைத்துக்கொண்டிருக்கிறதாம். காதலிக்கிற பிள்ளைகள், சாம்பல் மனிதன் பக்கத்தில் வந்துவிடு என்று ஒருவருக்கொருவர் அடையாளம் சொல்லிக்கொள்கிறார்களாம். கடைசியில் ஊர்க்காவலன் ஒருத்தன் வந்து, நீ ஆளா பொருளா என்று கேட்டான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மரியாதையான வார்த்தை யெஸ் ஒன்றுதான். அதை அடித்தேன். அவன் வெகுநேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனான்.

இந்தக் கதையை வீட்டில் சொன்னேன். உன் அக்கா சிரிக்கவில்லை. கரண்டியைக் கழுவிக்கொண்டே, "ஏனுங்க, சர்க்கிள்ல நின்னு நின்னுதான் இடுப்ப ஒடிச்சுக்கிட்டீங்கோ, இப்ப டப்பாக்குள்ளயும் போயி நிக்கோணுமா?" என்று கேட்டாள். ஸ்வாதியும் அன்றைக்குச் சிரிக்கவில்லை. அவள் காலேஜுக்குப் போகிற வழியில் கடையில் இறங்கி, கடைசித் தடுப்புக்குள் உட்கார்ந்து டைப்பிங் பழகுகிறவள். அந்தச் சாம்பல் ஆளாக நான் நிற்பதை அவளும் போகும்போது பார்த்திருக்கிறாள்.

அதற்கு மறுநாள்தான் மாப்பிள்ளை, என் தலையெழுத்து திரும்பியது. வழக்கம்போல நிற்கிறேன், ஒரு அம்மாள் வந்தாள். மஞ்சள் கவுன், தலையில் பூப்போட்ட தொப்பி, வெள்ளைக்காரத் துரைசானியேதான், பேர் லில்லி. நேராக என் முன்னால் வந்து நின்று, வேலை வேண்டுமா என்று கேட்டாள். மறுபடி அதே யெஸ்ஸை அடித்தேன். அவளுக்கு ஊர் ஓரத்தில் மனை இருக்கிறதாம், வீடு கட்டவேண்டுமாம், கொத்தனார் தேவையாம். அந்த அம்மாள் அடித்த இங்கிலீஷ் முழுக்க எனக்கே புரிந்தது, அவ்வளவு குணமான மனுஷி. பிளான், வால், பேஸ்மெண்ட், லிண்டல் என்று நம் சைட்டில் பேசுகிற வார்த்தையாகவே போட்டாள். நானும் ஒரே வார்த்தையில், அட்வான்ஸ், என்று அடித்தேன். மறுபேச்சுப் பேசாமல் வில்லையைக் கையில் வைத்தாள். விழுந்ததற்குப் பிறகு கை நீட்டி வாங்கிய முதல் அட்வான்ஸ். மாதேஸ்வரா என்று கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனேன், கண்ணாடியில் மூக்கு இடித்தது.

கல் எடுத்து வைக்கிற வேலை அந்த ஊரில் சுலபம். பட்டனை அமுக்கினால் ஒரு கல், இன்னொரு தரம் அமுக்கினால் அதன் மேல் இன்னொன்று. சாரம் கிடையாது, விழுந்தாலும் வலி கிடையாது. ஒரே தொந்தரவு, கடைக்கு மேல் மாடியில் இருக்கிற மஞ்சுநாத்தின் தாயார். அந்த அம்மாள் தங்கையோடு பேசப் போனை எடுத்தால் போதும், லைன் போய்விடும், நான் அந்த ஊரில் கல்லும் கையுமாகச் செத்துப்போவேன். திரும்பிப் பிறந்து வருவதற்குள் காப்பி ஆறிவிடும். இப்படிப் பலமுறை இறந்து பிறந்து லிண்டல் மட்டம் வரை ஏற்றிவிட்டேன். ஏற்றிவிட்டு நிறுத்தினேன். சுவர் ஈரம் குடித்து இறுக வேண்டாமா? தண்ணீர் விடாத சுவர் மேல் எவனாவது கூரை போடுவானா? குளத்திலிருந்து வாளியில் தண்ணீர் மொண்டுவந்து காலையில் சுவரைச் சுற்றிச் சுற்றி ஊற்றினேன். மஞ்சுநாத், "மேஸ்திரி, அது சித்திரம்ங்க, சிமெண்ட் இல்ல. நீர் ஹாக்க பேடா," தண்ணீர் ஊற்றவேண்டாம் என்று கன்னடமும் தமிழுமாகக் கெஞ்சினான். நான் கேட்கவில்லை, என் பேரில் நிற்கப்போகிற சுவர். தெருவில் போனவர்கள் எல்லாம் சிரித்தார்கள். லில்லி அம்மாள் மட்டும், உங்கள் முறைப்படியே செய்யுங்கள், நான் காத்திருக்கிறேன் என்று பொறுமையாக இருந்தாள். அப்படி ஒரு முதலாளி எனக்கு மைசூரில் கிடைத்ததில்லை. சொல்லிவைத்தாற்போல காலேஜ் பஸ் வருகிற நேரத்துக்கு அவளுக்கும் ஏதோ ஜோலி வந்துவிடும், கும்பிடு போட்டுவிட்டு மறைந்துவிடுவாள்.

சுவர் பாதியில் நின்றால் ஊர்க் கண் படும். அதற்கு நாம் என்ன செய்வோம்? திருஷ்டி பொம்மை கட்டுவோம். நானும் கட்டினேன். சந்தையில் கிடைத்த வைக்கோல், ஒரு பூசணிக்காய், கிழிந்த சட்டை, முட்டை மாதிரி இரண்டு கண், தொங்குகிற நாக்கு. மூஞ்சிக்கு யாரை நினைத்துச் செய்வது என்று யோசித்தேன், உன் ஞாபகம் வந்தது. கல்யாண வீட்டில் சாம்பார் வாளி தாண்டிப் போய்விட்டால் நீ ஒரு பார்வை பார்ப்பாயே, அந்தப் பார்வையை அப்படியே வைத்து, மீசையை முறுக்கி, மூலைக் கம்பில் தொங்கவிட்டேன். கோபப்படாதே, உன்னை நேரில் பார்த்துப் பயந்தவர்கள் கொள்ளேகாலோடு சரி, இப்போது உலகமே பயந்திருக்கிறது.

ஏனென்றால் அடுத்த நாள் காலையில் நான் உள்ளே போனால், வீட்டு வாசலில் வாளும் கோடாலியுமாக ஒரு பெருங்கூட்டம். காட்டிலிருந்து ஏதோ பிசாசு ஊருக்குள் புகுந்து அந்த வீட்டுச் சுவரில் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறான். வெட்டு வெட்டு என்று வெட்டுகிறார்கள். உன்னை ஒருத்தன் ஈட்டியால் குத்தினான். ஒரு கிழவன் மந்திரம் போட்டு நெருப்பு வைத்தான். நீ அசையவில்லை மாப்பிள்ளை. உயிர் இருந்தால்தானே போவதற்கு. வாள் உடைந்தது, அவர்களுக்கு மூச்சு வாங்கியது, நீ அதே பார்வையோடு தொங்கிக்கொண்டிருந்தாய். கடைசியில் கூட்டத்தில் தலைவன் மாதிரி இருந்தவன் வாளை உறையில் போட்டுவிட்டு, சாகாத இந்த ஜந்து என்ன என்று என்னைக் கேட்டான். எனக்கு இங்கிலீஷ் போதவில்லை, நாளை என்று மட்டும் அடித்தேன். வீட்டுக்குப் போய் ஸ்வாதியிடம் கேட்டு ஒரு துண்டுத் தாளில் எழுதி வாங்கி, மறுநாள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தேன். இது யாரையும் கடிக்காது, அடுத்தவன் பொறாமையை இது வாங்கிக்கொள்ளும், வீட்டுக்காரன் நிம்மதியாகத் தூங்கலாம் என்று. அப்புறம் அந்தத் தலைவன், எனக்கு ஒன்று வேண்டும் என்றான். பின்னாலேயே இன்னொருத்தன். பொறாமை அந்த ஊரிலும் இருக்கிறது போல.

இப்போது என் நிலைமையைக் கேள். எனக்குச் சாம்பல் உடம்பு போய் நீலச் சட்டையும் தலைப்பாகையும் வந்துவிட்டது. லில்லி அம்மாள் வீடு கூரையோடு நிற்கிறது. ஊரில் பெரிய வாசல்களில் எல்லாம் நீ தொங்குகிறாய். அந்த ஊர் வில்லையால் என்ன பிரயோஜனம் என்று நீ கேட்பதற்கு முன்பே உன் அக்கா கேட்டுவிட்டாள், அந்தக் காசில் ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்கி வரச் சொன்னாள். வாங்கி வந்தேன். எப்படியென்றால், சாயங்காலம் கடைக்கு வருகிற காலேஜ் பையன்கள் அந்த ஊரில் சட்டைக்கும் வாளுக்கும் வில்லை இல்லாமல் திண்டாடுகிறார்கள், என் வில்லையை வாங்கிக்கொண்டு நம் ரூபாய் தருகிறார்கள். மளிகைக்கும் பாலுக்கும் ஆகிறது. கொத்தமல்லியை மோந்து பார்த்துவிட்டு உன் அக்கா அன்றைக்கு ரசத்தில் அதை அள்ளிப் போட்டாள்.

ஆகவே மாப்பிள்ளை, உன் முதலாளிக்கு என் கும்பிடு சொல்லி, நாற்காலிக்கும் விசிலுக்கும் வேறு புண்ணியவானைப் பார்த்துக்கொள்ளச் சொல். உன் மனசுக்கு நன்றி. என்னைக் கடையில் சேர்த்த உனக்கு நன்றி, நாற்காலியில் அமுக்கிய மஞ்சுநாத்துக்கு நன்றி, போனை எடுக்காத நாட்களுக்காக அவன் தாயாருக்கு நன்றி. எல்லாருக்கும் மேலே, ஊரே சிலை என்று நினைத்தவனை ஆள் என்று கண்டு வேலை கொடுத்த அந்த லில்லி அம்மாள் எந்த தேசத்தில் இருந்தாலும் பிள்ளை குட்டியோடு நன்றாக இருக்கவேண்டும்.

உனக்குச் சாப்பாடும் சாப்பிட்டது செரிக்கிற வயிறும், தங்கச்சிக்கு உன்னைச் சகிக்கிற பொறுமையும், பிள்ளைகளுக்கு அவர்கள் அம்மா ஜாடையும் குறைவில்லாமல் கிடைக்க மாதேஸ்வரனை வேண்டும்,

உன் அன்பான மச்சான்,
சித்தையன் மேஸ்திரி

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. கடிதத்தை ஒட்டுவதற்கு முன்பு ராத்திரிச் சாப்பாட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். லில்லி அம்மாளுக்கு நன்றி சொன்ன இடம் வந்ததும் ஸ்வாதி தட்டில் கையை வைத்தபடி அழ ஆரம்பித்துவிட்டாள். காரம் அதிகமோ என்று பார்த்தேன். "அப்பா, அந்த லில்லி நான்தாம்ப்பா," என்றாள். கடைசித் தடுப்பில் உட்கார்ந்து டைப்பிங் பழகியது இதுதான். மஞ்சுநாத்திடம் கடனாக வில்லை வாங்கி மனை பிடித்து, கவுன் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். ஏன்டி என்று கேட்டேன். "சர்க்கிள்ல எல்லாரும் சுத்தி நிக்க, நீங்க வேலைக்குக் காத்துக்கிட்டு நின்னீங்கல்ல, அதப் பாக்க முடியலப்பா," என்றாள். உன் அக்காவுக்கு முன்பே தெரியுமாம். நான் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். கோபம் வரவில்லை, என் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்ததாக நினைத்துக்கொள்கிறேன். ஆனால் மற்றவர்கள் யார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது என்று சத்தியம் செய்கிறாள், அதை நம்புகிற தைரியம் எனக்கு இல்லை. வாள் பிடித்தவன் மஞ்சுநாத்தோ, கிழவன் அவன் தாயாரோ, யார் கண்டது. இரக்கம்தான் என்றால் சொந்த மாப்பிள்ளை இரக்கமே போதும். உன் முதலாளியிடம் வருகிறேன் என்று சொல்லிவிடு. திங்கட்கிழமை முதல் பஸ்.

இன்னொரு பின்குறிப்பு: முதல் பின்குறிப்பையும் அடித்துவிடு. காலையில் கடைச் சாவியைக் கொடுத்துவிட்டு, பெட்டியைக் கடைசியாக ஒரு தரம் துடைத்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். கை தானாக அந்த ஊரைத் திறந்துவிட்டது. நான் கட்டின வீட்டு வாசலில் கொம்பு வைத்த இரும்புத் தொப்பிக்காரன் ஒருத்தன் உறுமிக்கொண்டு நிற்கிறான். முந்தாநாள் வாங்கின பொம்மையில் நாக்கு நீளம் போதவில்லையாம். பக்கத்துத் தெருவில் ஒருத்தன் என்னைப் பார்த்துக் காப்பியடித்து முழ நாக்கோடு பாதி விலைக்குக் கொடுக்கிறானாம். நான் எழுந்து போய்த் தடுப்புக்குள் பார்த்தேன், ஸ்வாதி காலேஜில், நாற்காலி காலி. வாசலில் பார்த்தேன், மஞ்சுநாத் டீ குடித்துக்கொண்டிருந்தான். மாடியில் அவன் தாயார் துளசிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம். திரும்பி வந்து உட்கார்ந்தேன். அவன் இன்னும் திட்டிக்கொண்டிருந்தான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் வைத்து நானும் சண்டை போட்டேன். என் அப்பனையும் வம்புக்கு இழுத்தான் என்று மஞ்சுநாத் வந்து படித்துச் சொன்னான். முடிவில் பாதி வில்லையை என் முன்னால் எறிந்துவிட்டு, நாக்கைச் சரி பண்ணு, அப்புறம்தான் மீதி என்று போய்விட்டான். மாப்பிள்ளை, இரக்கப்படுகிறவன் எவனாவது கூலியைப் பிடித்து வைப்பானா? எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்கு எழுதத் தெரியவில்லை. உன் முதலாளிக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள். மஞ்சுநாத்தின் அம்மா போனை எடுப்பதற்குள் நான் போய் அந்த நாக்கை இழுத்து நீட்டவேண்டும்.